ஐராவதியின் இரு கரைகள்

ஆகஸ்ட் 15 வந்தால் எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வரும். கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்ததும், எங்கள் தெருவில் இருந்த ஐ.என்.ஏ. தாத்தாவை மேடைக்கு அழைப்பார்கள். நேதாஜியைப் பார்த்த கதையைச் சொல்வார். நாங்கள் வாய் பிளந்து கேட்போம். அதே தெருவில், நாலு வீடு தள்ளி என் பெரியப்பா இருந்தார். அவரும் பர்மா யுத்தத்தில் இருந்தவர்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், பாலம் போடுகிற வேலை. அவரை யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. அவரும் அன்று வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, படித்த திமிரில் அவரிடமே கேட்டுவிட்டேன். “பெரியப்பா, நீங்க வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டீங்க?”

அவர் கோபப்படவில்லை. “அப்ப நெல்லு மூட்டை என்ன வெலை வித்துச்சு தெரியுமாடா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் நேரம் கிடைத்தது. பர்மா யுத்தத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, அன்று நான் கேட்டது எவ்வளவு அரைகுறையான கேள்வி என்று புரிந்தது.

1944-இல் இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியர் தோற்றுப் பின்வாங்கினார்கள். அதன் பிறகு ஜெனரல் ஸ்லிம் தலைமையிலான 14-ஆம் ராணுவம் பர்மாவுக்குள் இறங்கியது. பெயர்தான் பிரிட்டிஷ் ராணுவம். அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். காட்டுக்குள் சாலை கிடையாது. சணல் துணியைத் தாரில் நனைத்து மண்மேல் விரித்துச் சாலை போட்டார்கள். கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் கட்டினார்கள். முன்னே போன படைக்கு அரிசியும் பருப்பும் குண்டும் ஆகாய விமானத்தில்தான் வந்தன.

ஸ்லிம் ஒரு தந்திரம் செய்தார். வடக்கே ஒரு படையை ஐராவதியைக் கடக்க விட்டு, மாண்டலேதான் குறி என்று ஜப்பானியரை நம்பவைத்தார். இன்னொரு படையை ரகசியமாகத் தெற்கே நடத்திச் சென்று, 1945 பிப்ரவரி 14 அன்று பகான் அருகே நியாங்கூவில் ஆற்றைக் கடக்கவைத்தார். அங்கே ஆற்றைக் குறுக்காகக் கடக்க ஒரு மைலுக்கு மேல் படகில் போகவேண்டும். அங்கிருந்து பாய்ந்துபோய் மார்ச் மாதத் தொடக்கத்தில் மெய்க்டிலாவைப் பிடித்தார்கள். ஜப்பானியரின் உணவும் ஆயுதமும் அங்கேதான் இருந்தன. மார்ச் 20-இல் மாண்டலே கோட்டை விழுந்தது. மழைக்காலத்துக்கு முன் ரங்கூன் போய்ச் சேர ஓட்டமாக ஓடினார்கள்; ஆனால் மே 3-இல் ரங்கூனுக்குள் நுழைந்தது கடல் வழியாக வந்து இறங்கிய இன்னொரு படை. ஆகஸ்டில் யுத்தமே முடிந்தது.

நியாங்கூ, பகான் பகுதியில் அக்கரையில் காவல் நின்றவர்கள் யார் தெரியுமா? தில்லானின் தலைமையில் ஐ.என்.ஏ. வீரர்கள். பீரங்கி கிடையாது, சரியான சாப்பாடு கிடையாது. சிலர் வெள்ளைக்கொடி காட்டினார்கள். பிரேம் சேகலின் ஆட்கள் போபா மலைப் பக்கத்தில் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார்கள். ஐ.என்.ஏ.வில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். இந்தப் பக்கம் சாப்பர்ஸில் என் பெரியப்பாவைப் போன்றவர்கள். ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் நம் ஆட்கள்தான் நின்றார்கள்.

ஒரு கரையில் நின்றவர்களை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். அது நியாயமில்லை என்பதுதான் என் கட்சி.

“அது ஏகாதிபத்திய யுத்தம் அல்லவா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். பிரிட்டிஷ்காரர் பர்மாவைத் திரும்பப் பிடிக்கவே போனார்கள். ஆனால் ஜப்பானியர் யாரையும் வாழவைக்க வரவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து அவர்கள் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஜப்பானின் தோல்வி மிச்சமிருந்தவர்களுக்கு விடுதலை. அந்தத் தோல்விக்குப் பாதை போட்டவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

பர்மியர்களைப் பாருங்கள். ஆங் சானின் படை முதலில் ஜப்பானியரோடு சேர்ந்து வந்தது. 1945 மார்ச் 27-இல் அதே ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. அவர் இரண்டு பக்கமும் நின்றதற்காக அவரை யாரும் குறைத்து மதிப்பதில்லை. 1948-இல் கிடைத்த சுதந்திரத்துக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள்.

ஐ.என்.ஏ. தாத்தாவின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. செங்கோட்டை வழக்கு நாட்டையே உலுக்கியது. பின்னாளில் அவருக்குக் கிடைத்த தியாகி பென்ஷன் நியாயமானது. என் பெரியப்பாவோ யுத்தம் முடிந்ததும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சர்வீஸ் போதாததால் அவருக்குப் பென்ஷன் இல்லை. கடைசிவரை இரண்டு ஏக்கர் மானாவாரியில் உழுதார். வீட்டில் அரிசி இல்லாத ஒரு காலத்தில், பதினெட்டு வயதுப் பையன் பட்டாளத்தில் சேர்ந்து மாதாமாதம் மணியார்டர் அனுப்பினான். அதற்காக அவனைத் துரோகி வரிசையில் நிறுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது?

அந்த ஆற்றைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார், 1985 வாக்கில், சோறு சாப்பிடும்போது. “அக்கரையே தெரியாதுடா. இருட்டுல பையன்களை ஏத்திப் படகைத் தள்ளிவிட்டோம். எத்தனை பேர் திரும்பி வந்தாங்கன்னு எண்ணிப் பாக்க எங்களுக்கு நேரம் குடுக்கல.” அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார். அவர் டிரங்குப் பெட்டியில் பர்மா ஸ்டார் பதக்கம் ஒன்று, நாடா நைந்து கிடந்தது. எந்தக் கம்பெனி, எந்த ஊர்த் துறை என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ரங்கூனுக்கு வெளியே தௌக்கியான் போர் நினைவிடத்தில், கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். செத்தவர்களுக்கு அந்தக் கல்லாவது இருக்கிறது. பிழைத்து வந்து நம் தெருவில் மாடு மேய்த்தவர்களுக்கு அதுவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பதக்கமோ, பழைய டிஸ்சார்ஜ் சீட்டோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் எடுத்துத் துடைத்து, யாருடையது என்று ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். பேரப்பிள்ளை கேட்டால், நான் கேட்ட கேள்வியைக் கேட்காதபடி, முழுக்கதையையும் சொல்லுங்கள்.