ரவுண்டானாவுக்குக் கீழே ஒரு மண்டபம்

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், இல்ஃபோர்டு நகருக்கு வடக்கே, ஈஸ்டர்ன் அவென்யூ என்னும் நெடுஞ்சாலை ஒரு பெரிய ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் ஒரு ரயில் நிலையம் இருப்பதாகச் சொல்லும் கட்டடம் எதுவும் கண்ணில் படாது. சாலையோரத்துப் படிகளில் இறங்கிச் சுரங்கப் பாதை வழியே நடந்தால் ரவுண்டானாவுக்கு நேர் கீழே டிக்கெட் கூடம். அங்கிருந்து எஸ்கலேட்டரில் இன்னும் ஆழத்துக்குப் போனால், இரண்டு பிளாட்பாரங்களுக்கும் நடுவே வளைந்த கூரையும் இருபுறமும் தூண் வரிசையுமாக நீண்டு கிடக்கிறது ஒரு மண்டபம். அதுதான் கேன்ட்ஸ் ஹில் நிலையம். லண்டன் சுரங்க ரயிலின் இதே சென்ட்ரல் லைனில், நகரின் மையத்தில் இருக்கும் பழைய நிலையங்களில், வளைந்து வளைந்து போகும் குறுகிய நடைகளில் மக்கள் தோளோடு தோள் உரசித்தான் ரயிலுக்குப் போகிறார்கள். பணமும் அதிகாரமும் குவிந்த மையத்துக்கு நெரிசல். நடுத்தர வர்க்கத்து வீடுகள் வரிசை கட்டி நிற்கும் ஓரத்துக்கு மண்டபம். வழக்கத்துக்கு நேர்மாறான இந்தப் பங்கீடு எப்படி நேர்ந்தது? கட்டடக் கலைஞரின் திறமை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் அந்த நிலையத்தின் வரலாற்றில் பாதி விட்டுப்போகும். அந்த மண்டபத்தைச் சாத்தியமாக்கியது ஒரு பொது உண்டியல். நகரம் முழுவதின் போக்குவரத்து வருமானமும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் புறநகர்க்காரருக்கும் முதல் தரமான ஒரு நிலையம் கிடைத்தது.

இல்ஃபோர்டின் கதை லண்டனைச் சுற்றிய பல ஊர்களின் கதைதான். 1901-இல் சுமார் 41,000 பேர் இருந்த ஊர், 1931-இல் 1,31,000 பேரைத் தாண்டியது. வயல்கள் மனைகளாயின, மனைகள் தெருக்களாயின. 1920-களில் ஈஸ்டர்ன் அவென்யூ போடப்பட்டதும் அதன் இருபுறமும் வீடுகள் இன்னும் வேகமாக எழுந்தன. ரயில் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. தெற்கே இல்ஃபோர்டு நிலையம் ஒரு மைலுக்கு மேல். கிழக்கே 1903-இல் போடப்பட்ட ஃபேர்லாப் சுற்றுப்பாதை நியூபரி பார்க் வழியாகப் போனாலும், நகருக்குள் போக அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. வேலைக்குப் போகிறவர் பஸ் பிடித்து இல்ஃபோர்டுக்கு வந்து, நிரம்பி வழியும் நீராவி ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் போகவேண்டும். அந்தப் பாதை மின்மயமானது 1949-இல்தான். சுரங்க ரயிலோ 1900-இலேயே லண்டனின் மையத்தில் ஓடத் தொடங்கிவிட்டது; எங்கே போனாலும் இரண்டு பென்னி என்று புகழ்பெற்ற, பின்னாளில் சென்ட்ரல் லைன் ஆன, சென்ட்ரல் லண்டன் ரயில்வே அது. 1912-இல் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கிழக்கே வேறொரு ரயில்வே கம்பெனியின் ஆட்சி. தன் பயணிகளை இன்னொருவன் தட்டிப் பறிக்க எந்தக் கம்பெனியும் வழிவிடாது. இதில் கெட்ட எண்ணம் என்று எதையும் தேடவேண்டியதில்லை. தன் கணக்கை மட்டும் பார்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு நியாயமானதைச் செய்தது. மொத்தத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊருக்கு அநியாயம் நடந்தது.

1933 ஜூலை 1 அன்று லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் பிறந்தபோது இந்தக் கணக்கு மாறியது. சுரங்க ரயில், டிராம், பஸ் எல்லாம் ஒரே பொது நிறுவனத்தின் கீழ் வந்தன. லண்டனைச் சுற்றி ஓடிய நான்கு பெரிய ரயில்வே கம்பெனிகளோடும் வருமானத்தைப் பொதுவில் சேர்த்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. யார் பயணி, யார் எல்லை என்ற சண்டைக்கு அதோடு அர்த்தம் போயிற்று. இரண்டே ஆண்டில், 1935-இல், 4 கோடி பவுண்டில் புதிய பணித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடனுக்கு அரசுக் கருவூலம் பொறுப்பேற்றதால் வட்டி குறைந்தது. அந்தத் திட்டத்தின் ஒரு துண்டுதான் லேட்டன்ஸ்டோனிலிருந்து வான்ஸ்டெட், ரெட்பிரிட்ஜ், கேன்ட்ஸ் ஹில் வழியாக நியூபரி பார்க்கைத் தொடும் இரட்டைச் சுரங்கம். ஏற்கெனவே மேலே தண்டவாளம் இருந்த இடங்களில் பழைய பாதைகளை வாரியம் ஏற்றுக்கொண்டது. மக்கள் இருந்தும் தண்டவாளம் இல்லாத இந்தத் துண்டுக்குப் புதிதாக மண்ணைத் துளைத்தது. சிக்கனம் எங்கே, செலவு எங்கே என்று தெரிந்து போட்ட திட்டம் அது.

நகர மையத்தில் ஏறி இறங்குகிறவர் கொடுக்கும் காசில் புறநகருக்கு நிலையம் கட்டுவது நியாயமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, எல்லா நகரங்களிலும் இன்றும் இருக்கிறது. கேட்பதற்கு நேர்மையான கேள்விபோலத் தோன்றினாலும், அதன் அடியில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் ஒருவர் இறங்குகிறார் என்றால் வேறெங்கோ அவர் ஏறியிருக்கிறார். பயணத்துக்கு இரண்டு முனை உண்டு. கூட்டம் இறங்கும் முனையை லாபம் என்றும், அதே கூட்டம் ஏறும் முனையைச் செலவு என்றும் எழுதுவது கணக்கெழுதும் முறையில் உள்ள கோளாறு. மையத்தில் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆள் வருவதே ஓரங்களில் ஆட்கள் குடியிருப்பதால்தான். கம்பெனிகள் தனித்தனியாக ஏடு வைத்திருந்த காலத்தில் இந்த உண்மை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரே ஏடு வந்தபோதுதான் தெரிந்தது.

சுரங்கம் தோண்டி முடிவதற்குள் போர் வந்துவிட்டது. தண்டவாளம் போடாத வெற்றுக் குழாய்களாகக் கிடந்த சுரங்கங்கள், குண்டுவீச்சுக் காலத்தில் மக்களுக்குப் புகலிடமாயின. இல்ஃபோர்டில் இருந்த பிளெஸ்ஸி நிறுவனத்தின் தொழிற்சாலையும் குண்டுக்கு இலக்கானது. அடுத்து நடந்தது சுரங்க ரயில் வரலாற்றிலேயே அபூர்வமான ஒன்று. லேட்டன்ஸ்டோனுக்கும் கேன்ட்ஸ் ஹில்லுக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைக் குழாய்கள், 1942 முதல் போர் முடியும் வரை, பிளெஸ்ஸியின் விமான உதிரிபாகத் தொழிற்சாலையாக இயங்கின. குழாயின் விட்டம் ஏறத்தாழ 12 அடி. அதன் அடிப்பகுதியைச் சமப்படுத்தித் தரை போட்டு, ஒரு பக்கம் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, மிச்சமிருந்த இடத்தில் ஆட்கள் நடந்தார்கள். உலகத்தில் வேறெந்தத் தொழிற்சாலையும் இவ்வளவு நீளமாகவும் இவ்வளவு ஒடுக்கமாகவும் இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொருளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக முடியாதென்பதால், உள்ளேயே ஒரு குட்டி ரயில் குறுகிய தண்டவாளத்தில் ஓடியது. மெட்ரோ ரயில் வருமுன்பே அந்தக் குழாயில் ஓடிய ரயில் அது. அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வரும் குளிர்கால நாட்களில் வெயிலையே பார்க்காமல் உழைத்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நடந்து வரும் தூரத்திலேயே குடியிருந்தவர்கள். எந்த ஊருக்காக அந்தச் சுரங்கம் தோண்டப்பட்டதோ அந்த ஊர், ரயில் வருமுன்பே, தன் உழைப்பை அதற்குள் இறைத்துவிட்டது. நிலையத்தின் வரலாற்றைத் திறப்பு விழாவிலிருந்து தொடங்குவது இந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

போர் முடிந்ததும் இயந்திரங்கள் வெளியேறின, தண்டவாளம் உள்ளே வந்தது. 1946 டிசம்பர் 4-இல் சென்ட்ரல் லைன் ஸ்ட்ராட்ஃபோர்டை எட்டியது. 1947 மே மாதம் லேட்டன்ஸ்டோன். அதே ஆண்டு டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, கேன்ட்ஸ் ஹில். அந்த ஆண்டின் பிரிட்டனை நினைத்துப் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி 1946-இல் ரேஷனுக்கு வந்து அப்போதும் ரேஷனில்தான் இருந்தது. கடுங்குளிரில் நிலக்கரி கிடைக்காமல் நாடு முடங்கியிருந்தது. கோடையில் பவுண்டு நாணயமே நெருக்கடியில் சிக்கியது. இப்படிப்பட்ட ஆண்டில், ஓரத்து ஊர் ஒன்றுக்கு வளைகூரை மண்டபம் ஆடம்பரமில்லையா என்று கேட்டால், கேட்பவரைக் குறை சொல்லமுடியாது. ஆனால் மண்டபம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு பிளாட்பாரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும் கூட்டம் தூண்களுக்கிடையே பரவி நடுவில் கலந்து எஸ்கலேட்டரை நோக்கி நகர்கிறது. முட்டுச்சந்து கிடையாது, எதிரெதிராக மோதும் குறுகிய நடை கிடையாது. புதிதாக வருகிறவருக்கும் எந்தப் பக்கம் எந்த ரயில் என்பது இறங்கியவுடன் புரிந்துவிடும். இங்கே அழகும் பயனும் வேறு வேறாக இல்லை. அழகுக்கென்று தனியாகச் சேர்த்தது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கடிகாரம்: மணியைக் குறிக்க எண்களுக்குப் பதில், பன்னிரண்டு இடத்திலும் லண்டன் சுரங்க ரயிலின் வட்டமும் குறுக்குப் பட்டையுமான சின்னம். அவ்வளவுதான். மேலே கோபுரமோ முகப்போ எழவே இல்லை. ஆர்னோஸ் குரோவ், சவுத்கேட் என்று 1930-களின் தொடக்கத்தில் தரைக்கு மேல் பெயர் சொல்லும் நிலையங்களை எழுப்பிய அதே சார்லஸ் ஹோல்டன்தான் இதையும் வடிவமைத்தவர். இங்கே தம் கைவண்ணம் முழுவதையும், தெருவில் போகிறவர் கண்ணுக்குப் படாமல், பயணி நிற்கும் ஆழத்தில் வைத்தார். சர் பட்டத்தை இரண்டு முறை மறுத்த மனிதர் அவர். கட்டடம் பலர் சேர்ந்து செய்யும் வேலை என்று நம்பியவர்.

மாஸ்கோவின் நகல் என்றொரு குறையும் சொல்வதுண்டு. 1935-இல் திறந்த மாஸ்கோ மெட்ரோவின் நடுமண்டப அமைப்பைப் பார்த்தே கேன்ட்ஸ் ஹில் உருவானது என்பது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. மாஸ்கோ மெட்ரோவுக்கு ஆலோசனை சொன்னவர்கள் லண்டன் பொறியாளர்கள். ஆழமான நிலையங்களுக்கு எஸ்கலேட்டர்தான் ஏற்றது என்று அங்கே எடுத்துச் சொன்னதும் லண்டன் அனுபவம்தான். போனது திரும்பி வந்தது, அவ்வளவே. ஸ்டாலின் ஆட்சி அந்த மண்டபங்களைத் தன் புகழ்பாடப் பயன்படுத்தியது என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. பளிங்கும் சிலையும் சரவிளக்குமாகக் குடிமக்களின் வாயை அடைக்கும் கலை அது என்றால் மறுக்கமாட்டேன். ஹோல்டன் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். கேன்ட்ஸ் ஹில்லில் தலைவர் சிலை கிடையாது, வெற்றி ஓவியம் கிடையாது. வெளிர்நிற ஓடு பதித்த தூண்களும் வெறும் வளைவும்தான். அன்றாடம் வேலைக்குப் போகிறவன் விசாலமான இடத்தில் நடக்கத் தகுதியுள்ளவன் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்சியின் ஆரவாரத்தைத் தள்ளிவிட்டார். அந்த எண்ணம் மாஸ்கோவுக்கு மட்டும் சொந்தமல்ல.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் வேறொன்று. வயலை மனையாக்கி விற்றவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே வந்து பொதுப்பணம் ரயில் போட்டுக் கொடுத்தது. ரயில் வந்ததால் உயர்ந்த வீட்டு விலையில் வாரியத்துக்கு ஒரு பென்னிகூட இல்லை. இது முழுக்க உண்மை, அந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டையும் இதுதான். ஆனால் அதே திட்டத்தில் கைவிடப்பட்ட இன்னொரு பாதையை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். நார்தர்ன் லைனை புஷி ஹீத் வரை நீட்டும் வேலையும் போருக்கு முன்பே தொடங்கியது. அங்கே வீடுகள் இன்னும் வந்திருக்கவில்லை. ரயிலைப் பார்த்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். போருக்குப் பின் பசுமை வளையச் சட்டம் அந்த நிலத்தில் வீடு கட்டவிடாமல் தடுத்தது, பாதையும் கைவிடப்பட்டது. கேன்ட்ஸ் ஹில் பிழைத்ததற்குக் காரணம், அங்கே மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள், குழாயும் பெரும்பாலும் தோண்டப்பட்டிருந்தது. மனை வியாபாரியின் லாபத்தில் பங்கு கேட்காதது தவறு. அதற்காக, கடன்பட்டு அவரிடம் வீடு வாங்கிய குமாஸ்தாவையும் ஆசிரியையும் ரயில் இல்லாமல் தண்டிப்பது அந்தத் தவறைத் திருத்தாது. தண்டனை போய்ச் சேரும் முகவரியே வேறு.

திறப்பு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதைக் கட்டிய வாரியமே இல்லாமல் போயிற்று. 1948 ஜனவரி 1-இல் நாட்டின் ரயில்வே முழுவதும் தேசியமயமானபோது, லண்டன் போக்குவரத்தும் புதிய நிர்வாகத்தின் கீழ் போனது. வாரியத்தின் உயிர்நாடியாக இருந்த ஃபிராங்க் பிக் 1941-லேயே இறந்துவிட்டார்; கேன்ட்ஸ் ஹில்லை அவர் பார்க்கவில்லை. திட்டம் போட்டவர் போய், போட்ட நிறுவனமும் போகும் தறுவாயில், நாடு வறுமையில் கிடந்த வேளையிலும், போருக்கு முன் புறநகருக்குக் கொடுத்த வாக்கு கூரையின் வளைவு குறையாமல் நிறைவேறியிருக்கிறது. போர் முடிந்த கையோடு, இரண்டு பிளாட்பாரத்தை மட்டும் முடித்து நடுவே ஓர் இடுக்கு வழி விட்டிருந்தாலும் ரயில் ஓடியிருக்கும். யாரும் பெரிதாகக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அந்த வாக்கில் ஒரு குறை இருந்தது. நிலையம் லிஃப்ட் இல்லாமல் கட்டப்பட்டது. அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவரையோ, குழந்தை வண்டியோடு தனியாக வரும் தாயையோ பயணி என்று அன்றைய வரைபடங்கள் எண்ணவில்லை. இன்று இல்ஃபோர்டைச் சுற்றி வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களிலும் பஞ்சாபிக் குடும்பங்களிலும் பலவற்றில் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் மகனுக்கு மட்டுமல்லாமல், மருத்துவமனைக்குப் போகும் பாட்டிக்கும் சேர்த்துத்தான் அந்த நிலையம். ஆழத்தில் லிஃப்ட் அமைப்பது செலவு மிகுந்த வேலை, ஓரத்து நிலையத்துக்கு அது கட்டுப்படியாகாது என்று யாரேனும் சொன்னால், அது 1912-இல் லிவர்பூல் ஸ்ட்ரீட்டோடு நின்றுவிட்ட கம்பெனியின் கணக்கு. 1935-இல் போட்ட கணக்குப்படி பார்த்தால், ரவுண்டானாவின் படிகளுக்கு மேலே நின்றுவிடும் ஒவ்வொருவருக்கும் அந்த மண்டபம் இன்னும் பாக்கி இருக்கிறது.