நடிகனைக் கண்டு நடுங்கிய அரசு

ஓர் அரசு பகைவனின் படைக்கு அஞ்சலாம், பஞ்சத்துக்கு அஞ்சலாம், பசித்த மக்களின் கோபத்துக்கு அஞ்சலாம். ஒரு நடிகனுக்கு அஞ்சுமோ? குட்டையான உருவம், அகன்ற நெற்றி, முன்தள்ளிய கீழுதடு. அழகன் என்று எவரும் அழைத்திராத ஒரு மனிதர். கையிலே படைக்கலம் இல்லை; கட்டளைக்குக் காத்திருக்கும் கூட்டமும் இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டே: ஒரு மேடை, ஒரு மொழி. இட்லரின் படைகளைப் பெர்லின் வரை துரத்திச் சென்று வென்ற வல்லரசு, அந்த ஒற்றை மனிதரைக் கண்டு அஞ்சிற்று. இருளில் ஆள் வைத்துக் கொன்றது. கொன்ற பின்னும் அச்சம் தீராமல் அவர் பேசிய மொழியின் மேடையையே பெயர்த்தெறிந்தது.

சாலமன் மிகோயல்ஸ் என்பது அந்த நடிகரின் பெயர். ரஷ்ய நாடக வரலாற்றிலும் திரைப்பட வரலாற்றிலும் அழியாத இடம் பெற்றவர். அவருடைய வாழ்வை நாம் அறிந்து கொள்வது நல்லது. கலையை நேசிப்போருக்கு மட்டுமல்ல, அரசியல் நடத்துவோருக்கும் அதிலே பாடம் உண்டு.

1890-ஆம் ஆண்டு, ஜாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ட்வின்ஸ்க் நகரில், வோவ்சி என்னும் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்த நகரம் இன்று லாட்வியா நாட்டில் இருக்கிறது. ஜாரின் ஆட்சியிலே யூதனாகப் பிறப்பது எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்! இன்ன எல்லைக்குள்தான் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்திருந்தார்கள். ஏழை யூதர் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி யித்திஷ். கற்றோர் சிலர் அதைக் கொச்சை என்று இகழ்ந்தனர். அரசோ 1883-இல் அம்மொழியில் நாடகம் நடத்தவே தடை விதித்தது. தாய் தாலாட்டும் மொழி மேடை ஏறினால் குற்றமாம்! மணிமுடி தரித்தோரின் மதிநுட்பம் அப்படி இருந்தது.

இளைஞர் வோவ்சி சட்டம் படிக்கப் பெத்ரோகிராடுக்குச் சென்றார். வழக்கறிஞராகி வளமாக வாழ்ந்திருக்கலாம். 1917-இல் புரட்சி வந்தது. யூதரை அடைத்து வைத்திருந்த வேலி வீழ்ந்தது. 1919-இல், அலெக்சாண்டர் கிரனோவ்ஸ்கி என்னும் இயக்குநர் தொடங்கிய யூத நாடகப் பயிற்சிக் கூடத்தில், முப்பதை நெருங்கிய வயதிலே மாணவராகச் சேர்ந்தார். சட்டப் புத்தகத்தை மூடி வைத்து அரிதாரம் பூசிக்கொண்டார். மிகோயல்ஸ் என்பது மேடைக்காக அவர் ஏற்ற பெயர்.

1920-இல் அந்தக் குழு மாஸ்கோவுக்குப் பெயர்ந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு பேரே அமரத்தக்க சிறு கூடம். அதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்டியவர் மார்க் சகால். பிற்காலத்தில் உலகமே போற்றிய அந்தத் தூரிகை, எளிய மக்களின் திருமணத்தையும் இசையையும் கூத்தையும் அந்தச் சிறு கூடத்தில் விளையாட விட்டது. 1921 சனவரி முதல் நாள், சோலம் அலைகெமின் எழுத்துகளோடு திரை விலகிற்று. ஜார் தடுத்த மொழிக்கு அரசே பொருள் தந்து மேடை அமைத்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்த நன்மையை மறைத்துத் தீமையை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது. நன்மையைக் காட்டித் தீமையை மூடுவதும் நேர்மை ஆகாது.

1928-இல் ஐரோப்பியப் பயணம் சென்ற கிரனோவ்ஸ்கி நாடு திரும்பவில்லை. 1929-இல் நாடக மன்றத்தின் பொறுப்பு மிகோயல்ஸின் தோளில் ஏறிற்று. 1935-இல் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக அவர் மேடையில் நின்றார். தாடி வைத்த பெருங்கிழவனாக, இடிபோல் முழங்கும் மன்னனாகப் பலர் நடித்துப் பழகிய வேடம் அது. இவரோ தாடியில்லாமல், குட்டை உருவத்தோடு வந்தார். அருகே கோமாளியாக வெனியமின் சூஸ்கின். ஆங்கில நாடக அறிஞர் கோர்டன் கிரெய்க், மாஸ்கோவுக்கு வந்தவர், அந்த நாடகத்தைக் கண்டு வியந்து பாராட்டினார். யித்திஷ் தெரியாதவர்களும் அரங்கை நிறைத்தார்கள்.

லியரின் கதையை நீங்கள் அறிவீர்கள். புகழுரை கேட்கும் ஆசையால் புத்தி மழுங்கிய மன்னன். பொய் சொன்ன மகள்களுக்கு நாட்டையே தந்தான். உண்மை சொன்ன மகளை உதறித் தள்ளினான். கோமாளி ஒருவன்தான் மன்னனிடம் மெய் பேசுகிறான். இந்தக் கதை மாஸ்கோவின் மேடையில் நடந்தது 1935-இல். புகழுரை மட்டுமே கேட்டுப் பழகிய ஒரு செவி அப்போது கிரெம்ளினிலே இருந்தது. நாடகம் யாரையும் குறித்துப் பேசவில்லை. ஆனால் நல்ல நாடகம் பெயர் சொல்லியா பேசும்?

திரைப்படத்துக்கும் அவர் அந்நியர் அல்லர். 1925-இல் வெளிவந்த 'யூதரின் நற்பேறு' என்னும் பேசாப் படத்தில், தொட்டதெல்லாம் தோற்றாலும் கனவு கலையாத மெனகெம் மெண்டல் என்னும் ஏழையாக நடித்தார். பேசாமலே சிரிக்க வைத்தார்; சிரிப்பினூடே நெஞ்சைப் பிசைந்தார். 1936-இல் அலெக்சாந்திரோவ் இயக்கிய 'சர்க்கஸ்' படத்தில் ஒரு காட்சி உண்டு. வெள்ளைத் தாய்க்குப் பிறந்த கறுப்புக் குழந்தை. நிறவெறியன் ஒருவன் அக்குழந்தையைக் காட்டி இழிவுபடுத்த முயலுகிறான். கூட்டமோ குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி அணைத்துக் கொள்கிறது. ஒவ்வொரு இனத்தாரும் தத்தம் மொழியிலே தாலாட்டுகிறார்கள். யித்திஷ் மொழியில் தாலாட்டுப் பாடியவர் மிகோயல்ஸ். எல்லா மொழிக்கும் இங்கே இடம் உண்டு என்று அந்தப் படம் உலகுக்கு அறிவித்தது. அந்த அறிவிப்பை நினைவில் வையுங்கள் தோழர்களே. அதற்கு நேர்ந்த கதியைப் பின்னே சொல்கிறேன்.

1939-இல் அவருக்கு லெனின் விருதும், 'சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர்' பட்டமும் கிடைத்தன. 1941-இல் இட்லரின் படை பாய்ந்தது. 1942-இல் யூதர் பாசிச எதிர்ப்புக் குழு அமைந்தது. அதன் தலைவரானார் மிகோயல்ஸ். 1943-இல் கவிஞர் இட்சிக் ஃபெஃபரோடு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா, பிரிட்டன் நாடுகளுக்கு அரசே அவரை அனுப்பியது. ஏழு திங்கள் சுற்றினார். நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் திடலில், சூலை 8-ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் திரண்டு கேட்டனர். ஐன்ஸ்டைனையும் சாப்ளினையும் சந்தித்தார். செஞ்சேனைக்கு நிதியும் ஆதரவும் திரட்டித் தந்தார். நாட்டுக்காக நாவை வாளாக்கிய நற்றொண்டு அது.

போர் முடிந்தது. 1946-இல் 'ஃபிரைலெக்ஸ்' நாடகத்துக்காக ஸ்டாலின் பரிசும் பெற்றார். ஆனால் காற்று திசை மாறிக் கொண்டிருந்தது. உற்றாரை எல்லாம் இட்லருக்குப் பறிகொடுத்து ஊர் திரும்பிய யூதர்கள், வீடு கேட்டும் வேலை கேட்டும் நீதி கேட்டும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் கதவைத் தட்டினார்கள். அவர் அமைச்சரும் அல்லர், அதிகாரியும் அல்லர். ஆயினும் மக்கள் அவரை நம்பினார்கள். கவனியுங்கள், இங்கேதான் அவருடைய 'குற்றம்' பிறந்தது! அரசு சூட்டிய பதவியால் அன்றி, மக்கள் தந்த நம்பிக்கையால் ஒருவர் தலைவர் ஆகிவிட்டார். வல்லாட்சிக்கு அதைவிடப் பெரிய அச்சம் வேறு ஏது? அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களே, அமெரிக்காவில் யாரைக் கண்டாய் என்று கேட்கத் தொடங்கினார்கள். நேற்றைய கடமை இன்றைய துரோகம் ஆயிற்று.

1948 சனவரியில், ஸ்டாலின் பரிசுக்குரிய நாடகங்களைப் பார்த்து வர மின்ஸ்க் நகருக்கு அவரை அனுப்பினார்கள். உடன் நாடகத் திறனாய்வாளர் ஒருவரும் சென்றார். சனவரி 13 காலை, பனி மூடிய தெருவில் இருவர் உடலும் கிடந்தன. லாரி மோதிய விபத்து என்றார்கள். மாஸ்கோவில் அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று கண்ணீர் வடித்தனர். 'பிராவ்தா' ஏடு புகழ்ந்து எழுதிற்று.

உண்மை ஐந்தாண்டு கழித்து, அதுவும் கட்சி மேலிடத்தின் பூட்டிய அறைக்குள் வெளிவந்தது. 1953 ஏப்ரலில் லாவ்ரென்டி பெரியா (அவரும் கறைபடியாத கையர் அல்லர்) தலைமைக்கு ஒரு குறிப்பு அளித்தார். அரசுப் பாதுகாப்புத் துறையினரே மிகோயல்ஸை நயமாக அழைத்துச் சென்று நகருக்கு வெளியே ஒரு மாளிகையில் கொன்றனர்; பின்னர் உடல்களைத் தெருவிலே போட்டு விபத்தாகக் காட்டினர்; கட்டளை இட்டவர் ஸ்டாலின் என்று அத்துறையின் முன்னாள் அமைச்சர் அபாகுமோவ் கூறியுள்ளார் என்பது அக்குறிப்பின் செய்தி. கொன்றவர்களுக்கு மறைவிலே பதக்கங்களும் வழங்கப்பட்டிருந்தன. 1953-இல் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். மாலை வைத்த கையும் கொலை செய்த கையும் ஒன்றே!

கொலையோடு முடிந்ததா? 1948 நவம்பரில் குழு கலைக்கப்பட்டது. அடுத்த திங்களில், மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் கிடந்த சூஸ்கினைச் சிறைபிடித்தார்கள். லியரின் கோமாளியையும் விடவில்லை! 1949-இல் நாடக மன்றத்தின் கதவு அடைக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 12-ஆம் நாள், குழுவைச் சேர்ந்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட பதின்மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சூஸ்கினும் ஃபெஃபரும் பெரெட்ஸ் மார்க்கிஷ் முதலான யித்திஷ் எழுத்தாளர்களும் அவர்களில் அடங்குவர். 1953 சனவரி 13, மிகோயல்ஸின் உடல் தெருவில் கிடந்த அதே நாள்; மருத்துவர்கள் சதி செய்ததாக வெளியான அறிவிப்பில், இறந்துபோன மிகோயல்ஸின் பெயரும் தேசத் துரோகியாக ஏற்றப்பட்டது. அழுது அடக்கம் செய்தவரை ஐந்தாண்டு கழித்துத் தூற்றினார்கள். 'சர்க்கஸ்' படத்திலிருந்து அவர் பாடிய தாலாட்டும் வெட்டி எறியப்பட்டது. எல்லா மொழிக்கும் இடம் உண்டு என்று சொன்ன காட்சியிலே, ஒரு மொழி மட்டும் ஊமையாக்கப்பட்டது!

சிலர் கேட்பார்கள்: அவரும் அந்த அரசின் பரிசுகளை வாங்கியவர்தானே, அதன் தூதராகப் போனவர்தானே, அவருக்காக ஏன் இரங்க வேண்டும் என்று. வாங்கினார், உண்மை. தம் மொழியின் மேடை நிலைக்க வேண்டும் என்பதற்காகப் பல நேரங்களில் குனிந்தும் இருப்பார். ஆனால் குனிந்தவனையே கொல்லும் ஆட்சியில் நிமிர்ந்தவன் கதி என்ன? குறை குனிந்தவனிடமா, குனிய வைத்தவனிடமா?

வேறு சிலர் கூறுவார்கள்: பகைவர் சூழ்ந்த காலம், அரசு எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா என்று. எச்சரிக்கை என்றால் வழக்கு மன்றம் இருக்கிறது, சான்று இருக்கிறது, மறுமொழி சொல்லும் உரிமை இருக்கிறது. நள்ளிரவுக் கொலையும் பொய் லாரியும் எச்சரிக்கை ஆகா. 1952-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று 1955-இல் சோவியத் நீதிமன்றமே அறிவித்தது. அப்படியானால் காக்கப்பட்டது நாடா, நாற்காலியா?

ஆகவே தோழர்களே, இந்த வரலாறு நம்மிடம் கேட்பது என்ன? முதலாவது: மேடையால் வளரும் எந்த இயக்கமும் மேடையின் உரிமைக்குக் காவலாக நிற்க வேண்டும். நம்மைப் பாடும்போது கலைஞன் என்றும், நம்மைக் கேட்கும்போது பகைவன் என்றும் அழைப்பது அற்பத்தனம். இரண்டாவது: கலைஞனுக்குப் பட்டமும் பரிசும் பாதுகாப்பு ஆகா. சட்டமும், அச்சமின்றிப் பேசும் மக்களுமே பாதுகாப்பு. மூன்றாவது, மிகக் கடினமானது: தவறு நம் பக்கத்தில் நடக்கும்போது வாய் திறக்க வேண்டும். அன்று மாஸ்கோவிலே அந்தக் கொலையை ஐயுற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் ஐயம் வீட்டுக்குள் முணுமுணுப்பாகவே நின்றது. அந்த மௌனம் ஒருவரோடு நிற்கவில்லை, பதின்மூவரைத் தின்றது, ஒரு மொழியின் மேடையையே விழுங்கிற்று.

ஸ்டாலின் மறைந்த பின், வெட்டப்பட்ட தாலாட்டு மீண்டும் படத்தில் சேர்ந்தது. சகாலின் ஓவியங்கள் திரெத்யாகோவ் ஓவியக் கூடத்தில் மறைந்திருந்தன. 1973-இல் மாஸ்கோ வந்த முதிய ஓவியர் அவற்றில் கையொப்பம் இட்டார். படச்சுருளை ஒட்டிவிடலாம், ஓவியத்தைத் தூசு தட்டி எடுத்துவிடலாம். இட்லர் இலட்சக்கணக்கில் கொன்றொழித்த மக்களின் மொழியில் எஞ்சியிருந்த நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மீண்டும் கொண்டுவர எந்தத் தீர்ப்பாலும் இயலவில்லை. காலம் கடந்து வரும் நீதி கல்லறைக்குத்தான் பயன்படும். உயிரோடு இருக்கும்போதே கலைஞனைக் காப்பதுதான் நாகரிக அரசியல். அந்த அரசியலுக்கு உரியவர்களாக நாம் நடந்து காட்டுவோம்!