பிறந்தநாள் மண்டபத்தில் சொல்லாமல் வந்தது

சென்ற வாரம் ரவாங்கில் ஒரு குழந்தையின் முதலாம் பிறந்தநாள் விழாவிற்குச் சென்றிருந்தேன். மண்டபம், பலூன் தோரணம், மூன்றடுக்கு அணிச்சல், எதற்கும் குறைவில்லை. விழா நாயகனோ கைப்பேசியில் ஆங்கிலப் பாடலொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி குனிந்து, "வாடா கண்ணு" என்றார். குழந்தையின் தாய் உடனே, "இங்கிலீஷ்லயே பேசுங்கம்மா, அவனுக்குக் குழப்பமாயிடும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தமிழைத்தான் நீங்க பள்ளியில சொல்லிக் கொடுத்துடுவீங்களே டீச்சர்" என்றார்.

விருந்தாளி என்பதால் அன்று வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்: எல்லாவற்றையும் எங்களால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தி மொழியின் டகர, தகர ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே உணர்ந்தனர். இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ ஓராண்டை நெருங்கியபோதும் அதை இழக்கவில்லை. டகரமும் தகரமும் நமக்கும் உரியவைதாமே? 'பட்டு' வேறு, 'பத்து' வேறு என்று கேட்கும் காது, நாம் அணிச்சல் வெட்டும் நாளுக்கு முன்பே பண்படத் தொடங்கிவிடுகிறது.

'பள்ளி' என்று நான் சொல்ல, 'பல்லி' என்று எழுதும் மாணவனைத் திருத்தாத ஆசிரியர் நம்மில் யார்? எல்லாப் பிழைக்கும் அந்த ஆய்வே விளக்கம் என்று நான் கூறவில்லை. ழகரத்தை ளகரமாக்கிப் பேசும் நம் வீடுகளுக்கும், ஏன், சில ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பிற்காலத்தில் கற்கவே இயலாது என்பதும் இல்லை. ஆனால் மடியில் இயல்பாக வந்திருக்க வேண்டியதை வகுப்பறையில் பயிற்சித்தாள் கொண்டு ஈடு செய்வது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

"அப்படியானால் கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு போட்டுவிடுகிறோம்" என்பார்கள். அதற்கும் விடை உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தனர் (2003). எதிரே அமர்ந்து விளையாடிப் பேசிய மனிதரிடம் குழந்தைகள் அவ்வொலிகளைக் கற்றன. அதே மனிதர்கள் திரையில் பேசியபோது கற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

நம் பிள்ளைத்தமிழைப் பாருங்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று வந்து, ஓராண்டை ஒட்டித் தளர்நடையிடும் குழந்தையை அழைப்பதற்கு 'வருகை' என்றே ஒரு பருவம் வகுத்தார்கள். "வாடா கண்ணு" என்று அந்தப் பாட்டி செய்ததும் அதுவேதான். அவரைத்தான் நாம் வாயடைக்கிறோம்.

இரு மொழி கேட்டால் பேச்சு தாமதமாகும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் தமிழிலும் மற்றவர் ஆங்கிலத்திலும் பேசட்டும். குழந்தை இரண்டையும் தாங்கும். தமிழாசிரியர்களே தம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மட்டும் கொஞ்சுவதைக் காணும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பெயர்களைச் சொல்லப் போவதில்லை, படிப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத, மழலை ஒலிகூட எழுப்பாத குழந்தை இருந்தால், "இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டான்" என்று காத்திருக்காதீர்கள். பன்னிரண்டாம் மாதத் தடுப்பூசிக்குச் சுகாதார நிலையம் செல்லும்போதே தாதியிடம் சொல்லி, செவித்திறனைச் சோதிக்கக் கேளுங்கள்.