பீனிசமும் தேயிலைத் தூசியும்

தும்மலை நோயென்று மதிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. காய்ச்சல் கண்டால் வைத்தியரை நாடுகிறோம். ஆனால், மாதக்கணக்கில் மூக்கொழுகிக் கண்சிவந்து, இரவில் மூச்சடைத்து உறக்கமின்றித் துன்புறும் ஒருவனை, "அவனுக்குப் பீனிசம்" என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். ஹேவாஹெட்டப் பகுதியின் மலைச்சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இந்த அலட்சியத்தால் விளையும் நட்டம் சிறிதன்று. உறக்கமிழந்தவன் மறுநாள் முழுப்பேர் போடுவது எங்ஙனம்? மூக்கடைத்த பிள்ளை வகுப்பிலே பாடத்தைக் கவனிப்பது எங்ஙனம்?

இந்நோயின் வரலாறு குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. 1819இல் லண்டன் வைத்தியர் ஜோன் பொஸ்ரொக், கோடைதோறும் தம்மைப் பீடித்த நோயை விவரித்தார். 1873இல் மான்செஸ்டர் வைத்தியர் சார்ள்ஸ் பிளாக்லி, தம் உடலிலேயே சோதனை நடத்தி, புல்லின் மகரந்தமே அதற்குக் காரணம் என நிறுவினார். தீங்கற்ற ஒரு தூளைப் பகையென்று உடல் தவறாகக் கொண்டு போர்தொடுப்பதே ஒவ்வாமையாகும். தும்மலும் நீரொழுகலும் அப்போரின் விளைவுகளே.

நம் மலைநாட்டில் அந்நாட்டு வசந்தகாலம் இல்லை. எனினும், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெயிலும் காற்றும் ஏறும் காலத்தில் புல்வெளிகளின் மகரந்தம் சிலரை வருத்தக்கூடும். இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். கண்ணைக் கவரும் மலர்களைப் பலரும் குறைகூறுவர். அம்மலர்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது; வண்டும் தேனீயும் சுமந்து செல்வது. பைன் மரம் உதிர்க்கும் மஞ்சள் தூள் மிகுதியாயினும் ஒவ்வாமையைத் தூண்டும் வலிமை அதற்குக் குறைவு. யாரும் திரும்பிப் பாராத புற்கதிரே காற்றில் மகரந்தத்தை வீசுகிறது.

ஆயினும், எம் போன்ற வெப்பநாடுகளில் மகரந்தத்தினும் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. படுக்கையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணியே அது. ஈரம் சுவறிய, காற்றோட்டமற்ற லயன் அறை அதற்கு உகந்த இருப்பிடம். அதே அறையில் எரியும் விறகடுப்பின் புகை, புண்பட்ட மூக்கை மேலும் புண்படுத்துகிறது.

மூன்றாவது எதிரி தொழிற்சாலையில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது முதல் இம்மண்ணின் வாழ்வு தேயிலையோடு பிணைந்துள்ளது. உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது, கொழுந்தின் மெல்லிய உரோமம் பஞ்சுபோல் பறக்கிறது. இத்தூளினால் நேரும் ஆஸ்துமாவைப் பற்றி, நெஞ்சுநோய் வைத்திய நிபுணர் சி. ஜி. ஊரகொட 1970இல் பிரித்தானியத் தொழில்சார் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார். உண்மை அறியப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அறியாமையைச் சாட்டாகக் கூற இனி எவருக்கும் இடமில்லை.

எதிரி யாரென அறிவது எளிது. விடியற்காலை பாயிலிருந்து எழும்போது தும்மல் மிகுமாயின் படுக்கையை ஐயுறுக. வேலைநாளில் மிகுந்து விடுமுறையில் தணியுமாயின் தொழிற்சாலைத் தூசியை ஐயுறுக. காற்றடிக்கும் வெயில்நாளில் புல்வெட்டும்போது மிகுமாயின் மகரந்தத்தை ஐயுறுக. இக்குறிப்பு ஒன்றே வைத்தியருக்குப் பேருதவியாகும்.

பரிகாரமும் எட்டாததன்று. போர்வையையும் தலையணை உறையையும் வாரமொருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. கால் லீற்றர் நீரில் கால் தேக்கரண்டி உப்பிட்டு மூக்கைக் கழுவலாம்; ஆனால் அந்நீர் கொதித்து ஆறியதாயிருத்தல் இன்றியமையாதது. குழாய்நீரை அப்படியே பயன்படுத்தியதால், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவுக்குப் பலியாயினர். நீடித்த பீனிசத்துக்கு மிகுந்த பயன் தருவது, வைத்தியர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்குத்தெளிப்பு மருந்தே. அதன் முழுப் பயன் தெரிய இரண்டொரு வாரமாகும். ஒருநாள் தெளித்துக் குணமில்லையென்று எறிவது தவறு. கடையில் வாங்கும் மூக்கடைப்புத் துளிமருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். குளோர்பெனிரமைன் போன்ற பழைய மாத்திரைகள் உறக்கத்தைத் தருவன. கவ்வாத்துக் கத்தி பிடிப்போனும் இயந்திரத்தருகே நிற்போனும் அவற்றை விழுங்கி வேலைக்குச் செல்லலாகாது. உறக்கம் குறைந்த புதிய மாத்திரைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறுக. நெஞ்சில் இழுப்பும் சேருமாயின் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதித்தல் கூடாது; பீனிசமும் ஆஸ்துமாவும் கூடப்பிறந்தவை.

ஆனால், தனிமனிதன் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. சலிக்கும் அறையின் தூசியைத் தொழிலாளி தன் முந்தானையால் தடுத்துவிட முடியுமா? வேலைத்தலத் தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்கும் கடமையை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலாளிமார் மீது சுமத்தியுள்ளது. 1992 முதல் தோட்டங்களை நிருவகித்து வரும் கம்பெனிகளை இச்சட்டம் கட்டுப்படுத்துகிறதென்பதைத் தொழில் திணைக்களம் நடைமுறையில் காட்டவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தேயிலைத் தொழிற்சாலைகளில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் பொறிகள் இயங்குகின்றனவா என்று பரிசோதித்து, முடிவைத் தொழிலாளர் அறியத் தமிழிலும் வெளியிடுக. தோட்ட மருந்தகங்களில் மூக்குத்தெளிப்பு மருந்தும் உறக்கம் தராத மாத்திரையும் கிடைக்கச் செய்க. புதிதாகக் கட்டப்படும் தோட்ட வீடுகளில் புகைபோக்கியும் போதிய சாளரங்களும் அமைக்காமல் திறப்புவிழா நடத்தாதிருக்க.

நல்ல தேயிலையின் மணத்தை உலகுக்கு வழங்கும் மக்கள், அந்த மணத்தைத் தாமே நுகரமுடியாமல் மூக்கடைத்துக் கிடப்பது நாட்டுக்குப் பெருமையன்று. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது, மூச்சையும் ஒரு கோரிக்கையாக மேசைமீது வைக்கட்டும்.