சிறைக் கைதியின் படிப்பு சலுகையா, உரிமையா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில், சிறைச்சாலைக்குள்ளும் பரீட்சை நிலையம் அமைக்கப்பட்டிருப்பதாக ஒரு சிறு செய்தி வரும். செய்தி மேசையில் இருந்த காலத்தில் அதனை நானும் பலமுறை ஒரு பத்தியாகச் சுருக்கி உள்பக்கத்து மூலையில் இட்டிருக்கிறேன். பரீட்சை எழுதியவர் பின்னர் என்ன படித்தார், படிக்க விடப்பட்டாரா என்று விசாரிக்கத் தோன்றியதில்லை. இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.

நெல்சன் மண்டேலாவின் சுயசரிதையை மீண்டும் வாசித்தபோதே அது உறைத்தது. ரொபன் தீவுக் கைதிகள் பகலில் சுண்ணாம்புக்கல் உடைத்துவிட்டு இரவில் தபால்மூலம் படித்தார்கள். மண்டேலா லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவர். அகமட் கத்ராடா சிறையிலிருந்தபடியே தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் நான்கு பட்டங்களைப் பெற்றார். பொருளியல் படித்த மக் மஹராஜ் 'தி இக்கொனமிஸ்ட்' சஞ்சிகையைக் கேட்டபோது, பெயரைப் பார்த்துப் பாடம் சம்பந்தமானது என்று நம்பி அனுமதித்துவிட்டார்கள். பத்திரிகை மறுக்கப்பட்ட அந்தத் தீவுக்குள் உலகச் செய்தி நேர்வழியிலேயே வந்தது! சங்கதி விளங்கியதும் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக்காரனாகிய நான் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அடுத்தது சிரிப்பதற்குரியதல்ல. மண்டேலா இரகசியமாக எழுதிய சுயசரிதையின் கையெழுத்துப் பிரதி சிறை முற்றத்தில் புதைக்கப்பட்டிருந்தது. 1977இல் அது அகப்பட்டது. மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவரும் நான்கு ஆண்டுகள் படிக்கக்கூடாதென்பதே தண்டனை. படிப்பு 'சலுகை'யாக இருந்தமையால் அதைப் பறிப்பது இலகுவாயிற்று. மண்டேலா சட்டமாணிப் பட்டம் பெற்றது 1989இல், எழுபது வயதில்.

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்துவதற்கான விதிகள் அவரது பெயரையே தாங்கியுள்ளன. பயன்பெறக்கூடிய கைதிகள் அனைவருக்கும் மேற்கொண்டு கற்க ஏற்பாடு வேண்டும், அது நாட்டின் கல்விமுறையுடன் இணைந்திருக்கவேண்டும் என்கிறது 104ஆவது விதி. விடுதலையான பின்னும் படிப்பைத் தொடர்வதற்கே இந்த இணைப்பு.

குற்றவாளிக்கு எதற்குப் பட்டம், வெளியிலுள்ள ஏழைப் பிள்ளைக்கே வசதியில்லையே என்று கேட்பார்கள். நியாயமான ஆதங்கந்தான். எனினும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசம், அறியாமையை அல்ல. மேலும், விரிவுரை மண்டபமே தேவைப்படாத தொலைக்கல்விக்கு ஆகும் செலவு அதிகமல்ல.

இன்று வேறொரு சிக்கல் முளைத்திருக்கிறது. தொலைக்கல்வி இணையத்துக்கு இடம்மாறிவிட்டது. சிறைகளோ இணையத்தைக் கண்டால் அஞ்சுகின்றன. தபால் பொதிக்காகக் காத்திருந்த அன்றைய கைதிக்குக் கிடைத்த பாடம்கூட இன்றைய கைதிக்கு எட்டாமற் போகலாம். கைதி மாணவருக்கு அச்சிட்ட பாடங்களை அனுப்புவதையும், ஒரு சிறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது பரீட்சைத் திகதியைக் கவனத்திற் கொள்வதையும் அத்தியட்சகரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்காமல் விதியாக்கவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதாகிய எம் இளைஞர் பலர் சிறையில் கழித்தது படிக்கும் வயதையல்லவா?

அடுத்த முறை அந்தச் சிறு செய்தி வரும்போது, செய்தி மேசையிலுள்ள இளையவர்கள் சிறைச்சாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கட்டும். சென்ற ஆண்டு பரீட்சையில் சித்தியடைந்தவர் இப்போது என்ன படிக்கிறார் என்று கேட்கட்டும். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.