வண்டிக்கு எந்த எண்ணெய்?

இன்று பல இல்லங்களில் வாகனம் உண்டு. தந்தை வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள், தாய் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் ஸ்கூட்டர், சிலர் இல்லத்தில் ஒரு சிறு கார், வேறு சிலருக்கு அன்றாட உணவைத் தேடித் தரும் ஆட்டோ. தவணை கட்டி வாங்கிய இவ்வாகனத்திற்கு எண்ணெய் மாற்றச் செல்லும்பொழுது, கடைக்காரர் கேட்கும் ஒரு கேள்வி நம்மைத் திகைக்க வைக்கின்றது: “சாதாரண ஆயில் போடட்டுமா, சிந்தெட்டிக் ஆயில் போடட்டுமா?” பின்னதன் விலை முன்னதைப்போல் இரண்டு மடங்கு, சில வேளைகளில் மூன்று மடங்கு. விலை குறைந்ததை வாங்கினால் வண்டி கெட்டுவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். விலை மிகுந்ததை வாங்கிப் பணத்தை வீணாக்குகின்றோமோ என்ற ஐயம் மறுபுறம். இவை தீர வேண்டுமாயின், எண்ணெய் என்ன செய்கின்றது என்பதை முதற்கண் அறிந்துகொள்வது நலம்.

எண்ணெயின் பணி

எஞ்சினுக்குள் உலோகத்தின்மீது உலோகம் ஓயாது உராய்கின்றது. அவற்றினிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெயின் முதற்பணி. அத்துடன் அது வெப்பத்தை ஏந்திச் செல்கின்றது, பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கின்றது, துருவைத் தடுக்கின்றது, கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கிக்கொள்கின்றது. எனவே, எண்ணெய் கறுத்துவிட்ட ஒன்றைக் கொண்டே அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. அழுக்கை அது தன்னுள் ஏற்றுக்கொண்டு வருகின்றது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இரு வகைகள்

சாதாரண எண்ணெய், பூமியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்து, மெழுகும் மாசும் நீக்கிப் பெறப்படுவது. கடைகளில் இதனை மினரல் ஆயில் என்பர். எவ்வளவு சுத்தம் செய்தாலும் இதன் மூலக்கூறுகள் பலவிதமான அளவும் வடிவும் கொண்டவையாகவே இருக்கும். கடும் வெப்பத்தில் சிறியவை ஆவியாகிப் போகின்றன. மற்றும் சில காற்றோடு சேர்ந்து கெட்டிப்பட்டுக் கசடாக மாறுகின்றன.

சிந்தெட்டிக் எண்ணெயோ, வேதியியல் முறையில் ஏறக்குறைய ஒரே சீரான மூலக்கூறுகளாகக் கட்டி அமைக்கப்படுவது. இரண்டாம் உலகப் போரின்போது, கச்சா எண்ணெய்க்குத் தட்டுப்பாடு கண்ட ஜெர்மனி இத்துறையில் பெரிதும் முனைந்தது. பின்னர் ஜெட் விமானங்களில் இவ்வகை இன்றியமையாததாயிற்று. கார்களுக்கான ‘மொபில் 1’ எண்ணெய் அமெரிக்காவில் 1974-இல் அறிமுகமானது.

இங்கு ஒரு செய்தியை மறத்தலாகாது. கச்சா எண்ணெயையே கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்தி வெகுவாக மாற்றியமைத்துப் பெறும் மூன்றாம் பிரிவு எண்ணெயும் இன்று சிந்தெட்டிக் என்ற பெயரிலேயே பல நாடுகளில் விற்பனையாகின்றது. இப்பெயரை அதற்குச் சூட்டலாமா என்ற வழக்கு அமெரிக்க விளம்பர நடுவர் குழுவின்முன் எழுந்து, 1999-இல் சூட்டலாம் என்றே முடிவாயிற்று. அதுவும் நல்ல எண்ணெயே. ஆயினும், டப்பாவின்மேல் உள்ள அந்த ஒரு சொல் எல்லா டப்பாக்களிலும் ஒரே பொருளைக் குறிக்கின்றது என்று எண்ண வேண்டாம். இரண்டும் கலந்த ‘செமி சிந்தெட்டிக்’ எண்ணெயிலும், எது எவ்வளவு பங்கு என்பது பெரும்பாலும் டப்பாவில் குறிக்கப்படுவதில்லை.

மேன்மை மெய்யா?

மெய்யே. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தெட்டிக் எண்ணெய்கள் சாதாரண எண்ணெய்களைவிடச் சராசரியாக 47 விழுக்காடு மேம்பட்டு விளங்கின. ஆனால், எண்ணெயின் உறுதியை அளக்கும் சோதனைகளில் கண்ட மேன்மை அது. நம் எஞ்சின் 47 விழுக்காடு கூடுதலாக உழைக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

கடுங்குளிரில் உறையாது விரைந்து பாயும் என்பதைச் சிந்தெட்டிக் எண்ணெயின் பெரும் சிறப்பாகக் கூறுவர். பனி மூடிய நாடுகளுக்கு அது உயிர்நாடி. நம் ஊரில், உறைபனி விழும் உதகமண்டலத்து மார்கழி விடியலிலுங்கூட, சாதாரண எண்ணெய் தாங்க இயலாத குளிர் வருவதில்லை. நமக்குப் பயன் தருவது அதன் மற்றொரு குணமாகும்: கடும் வெப்பத்தையும் ஓயாத உழைப்பையும் தாங்கும் ஆற்றல்.

யாருக்குத் தேவை?

டர்போ பொருத்திய கார்களுக்குச் சிந்தெட்டிக் எண்ணெயே தக்கது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்வது. அவ்வெப்பத்தில் தரம் குறைந்த எண்ணெய் கருகிப் படியும். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயைக் கையேட்டில் கேட்கும் புதிய கார்களுக்குத் தேர்வு மிகக் குறைவு; அத்தகைய எண்ணெய் பெரும்பாலும் சிந்தெட்டிக் வகையிலேயே கிடைக்கும். கோடை வெயிலில் நெரிசலில் நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டிக்கும், மலைப்பாதையில் சுமையேற்றிச் செல்லும் வண்டிக்கும் அதற்கெனச் செலவிடும் பணம் வீண்போகாது.

மாறாக, 100 அல்லது 125 சி.சி. மோட்டார் சைக்கிளில் அன்றாடம் அலுவலகம் சென்று திரும்புவோருக்கு, தயாரிப்பாளர் குறித்த தரமுள்ள சாதாரண எண்ணெயே போதும்; காலந்தவறாமல் மாற்றி வந்தால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டிக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் எனக் கொள்வோம். ஒருமுறைக்குச் சாதாரண எண்ணெய் 400 ரூபாய் எனில், ஆண்டுச் செலவு 1,600 ரூபாய். சிந்தெட்டிக் 900 ரூபாய் எனில் 3,600 ரூபாய். “இதைப் போட்டால் இரண்டு மடங்கு தூரம் ஓடலாம்” என்று விற்பவர் கூறலாம். தயாரிப்பாளரின் கையேடு அவ்வாறு கூறாவிடில், அதனை நம்பித் தவணையை நீட்டக் கூடாது. தவணை நீளவில்லையேல், 2,000 ரூபாய் கூடுதல் செலவுக்கு ஈடாகக் கையில் மிஞ்சுவது சொற்பமே.

வகையினும் தரம் பெரிது

எண்ணெய் வகையைப் பற்றி மிகவும் கவலைப்படுவோர், டப்பாவில் உள்ள எண்களைப் பார்ப்பதில்லை. உண்மையில் எஞ்சினைக் காப்பவை அவையே. 20டபிள்யூ-40 என்பதில், ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் குளிர்நிலையிலும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் எண்ணெயின் தடிமனைக் காட்டும். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, “தடிமனான எண்ணெய் நல்லது” என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது தவறு.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்தபடி இயங்குகின்றன. உராய்வை மிகவும் குறைக்கும் சரக்குகள் சேர்ந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எனவே, டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற குறி உள்ளதா எனப் பார்க்கவும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை, அவற்றுக்கு ‘எம்.பி.’ குறியுள்ள எண்ணெய் பொருந்தும். விலை உயர்ந்த கார் சிந்தெட்டிக்கைவிட, பொருத்தமான குறியுள்ள சாதாரண எண்ணெயே மோட்டார் சைக்கிளுக்கு நன்மை செய்யும்.

புகை வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். எண்ணெய் எரிந்து மிஞ்சும் சாம்பல் அவ்வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே, சாம்பல் குறைந்த எண்ணெயைக் கையேட்டில் குறித்தபடியே வாங்குதல் வேண்டும்.

சில ஐயங்கள்

ஒருமுறை சிந்தெட்டிக் ஊற்றினால் மீண்டும் சாதாரண எண்ணெய்க்குத் திரும்பக் கூடாது என்பது வெறும் வதந்தி; திரும்பலாம். வழியில் எண்ணெய் குறைந்து வேறு வகைதான் கிடைக்கின்றது எனில், அதே தரமுள்ளதைக் கலந்து ஊற்றலாம். வெறும் எஞ்சினோடு ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மிகப் பழைய வண்டியில் ரப்பர் சீல்கள் தேய்ந்திருப்பின், மெல்லிய எண்ணெய் ஊற்றியதும் கசிவு வெளிப்படலாம். அப்போது சீலை மாற்றுவதே தீர்வு.

வண்டி ஓடவேயில்லையே, எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும் எனச் சிலர் வினவுவர். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கப்படும் வண்டியின் எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதில்லை. ஆதலின் உள்ளே படியும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயைக் கெடுக்கின்றன. கையேட்டில் கிலோமீட்டரும் மாதமும் சேர்த்துக் குறித்திருப்பின், எது முந்துகின்றதோ அதனையே கொள்க.

இல்லத்தார் கடமை

மாதம் இருமுறை, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும். சிறு மோட்டார் சைக்கிளில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான். அதில் கால் லிட்டர் குறைவது பெருங்குறை. எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிவிடுமாயின், எந்த வகை எண்ணெய் ஊற்றினோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழுது பார்க்கும் செலவு பல ஆண்டு எண்ணெய்ச் செலவை விழுங்கிவிடும். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கோ, அந்நாள்களின் வருவாயும் போகும்.

போலி எண்ணெய் உலவுவதால், நம்பிக்கையான கடையில் ரசீதுடன் வாங்குங்கள். சீல் உங்கள் கண்ணெதிரே உடைக்கப்படட்டும். காலி டப்பாவைத் துளையிட்டு எறியுங்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. ஒர்க்ஷாப்பிலேயே அதனை ஒப்படைத்துவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எண்ணெயின் தரம், அளவு, மாற்றும் தவணை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்பொழுது அத்தாளைப் பார்த்தே விடை சொல்லலாம், திகைப்புக்கு இடமிராது.