விண்டோஸ் 10-க்கு குட்பை... நல்லா ஓடுற லேப்டாப்பை என்ன செய்வது?

ஆன் ஆகுது, படம் ஓடுது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் ஆகுது. ஆனாலும் 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு அந்த லேப்டாப் 'பழசு' ஆகிவிட்டது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை அன்றோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. லேப்டாப் நிற்கவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திர அப்டேட்தான் நின்றது.

'சரி, 11-க்கு மாறிட்டா போச்சு'ன்னு தோணும். ஆனால் எல்லோராலும் மாற முடியாது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ் என நடந்து போகும் தூரத்திலேயே கல்லூரிகள். அந்த மாணவர்களை நம்பித்தான் அங்கே ஜெராக்ஸ், டிடிபி, சர்வீஸ் கடைகள் ஓடுகின்றன. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு வந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அரசு கொடுத்தது என்று இங்கே புழங்கும் லேப்டாப்களுக்குப் பல கதை உண்டு. அவற்றை வைத்திருப்பவரிடம் 'புதுசு வாங்கிக்கோ'ன்னு சொல்வது தீர்வே இல்லை.

11 ஏன் ஏற மாட்டேங்குது?

2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் சில நிபந்தனைகள் போட்டது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் பிரச்னை இல்லை. மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அது 2017-ல் வந்தது. ஆக, 2016-ல் ஆசையாக வாங்கிய ஐ5 லேப்டாப் வேகமாகவே ஓடினாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும்.

குறுக்கு வழியில் ஏற்றித்தரும் கடைகளும் உண்டு. ஆனால், தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி தர மாட்டோம் என மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காக மாறிவிட்டு அப்டேட்டே வரலைன்னா?

டிடிபி கடைக்கு வேற தலைவலி

2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7, பாமினி மாதிரியான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்... இந்த ஜோடியை வைத்தே இன்றும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகள் உண்டு. 32-பிட் விண்டோஸ் 10-ஓடு முடிந்தது; 11-ல் 64-பிட் மட்டும்தான். 16-பிட் காலத்து மென்பொருள் அதில் ஓடவே ஓடாது. பழைய கீபோர்டு டிரைவரும் மக்கர் செய்யலாம். ஃபான்ட் இல்லாத கணினியில் பாமினி ஃபைலைத் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துக் குப்பைதான். யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-லேயே அறிவித்தும், கடையில் சேர்ந்துபோன பழைய ஃபைல்களை மாற்ற யாருக்கு நேரம்? அதனால்தான் 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்கிறார்கள்.

அப்டேட் இல்லன்னா என்ன ஆகிடும்?

2017 மே மாதம் 'வான்னாக்ரை' ரான்சம்வேர் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் திணறின. நம் பக்கத்தில் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அப்டேட் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி. அப்டேட்டே வராத கணினியில் பேங்க் பாஸ்வேர்டு டைப் செய்வது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி.

யார் செலவில் அப்கிரேடு?

2025-ல் திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகளைப் பஞ்சப்பூருக்கு மாற்றியபோது சத்திரத்திலிருந்து அங்கே போக டவுன் பஸ் விட்டார்கள். நிலையத்தை மாற்றினால் இணைப்புப் பேருந்தும் தர வேண்டும், அதுதானே நியாயம்? இங்கே மைக்ரோசாஃப்ட் ஒரே ஒரு தற்காலிக பஸ்தான் விட்டிருக்கிறது. இஎஸ்யூ என்ற நீட்டிப்பில் சேர்ந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அதற்கப்புறம் செலவு உங்க தலையில்.

இன்னொரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே நிலை வந்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை நிறுவும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்களே நம்மில் அதிகம். கேரளப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே லினக்ஸில் படித்து வளர்ந்திருக்கிறது. இங்கே ஓஎஸ்ஸைக் கொடுத்தோம், பழக்கத்தைக் கொடுக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்த அரசு, இந்த முறையாவது அதையும் யோசிக்க வேண்டும்.

இப்போ என்ன செய்யலாம்?

* முதல்ல பேக்கப். ப்ராஜெக்ட், சர்டிஃபிகேட், போட்டோ எல்லாம் வேறொரு டிரைவில் ஒரு காப்பி.
* மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பில் தகுதி பாருங்கள். டிபிஎம் இல்லை என்று வந்தாலும் பயாஸில் ஆஃப் ஆகி இருக்கலாம். ஆன் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.
* தகுதி இல்லையா? மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் இஎஸ்யூ இலவசம். 22ஹெச்2 வெர்ஷன் இருக்க வேண்டும்.
* பிரவுசர், டைப்பிங், படம் மட்டும்தான் என்றால் லினக்ஸ் போதும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், நிறுவ வேண்டியதில்லை.
* கிராக் செய்த விண்டோஸ் வேண்டவே வேண்டாம். அதில் கூடவே என்ன வருதுன்னு போட்டுக்கொடுப்பவருக்கே தெரியாது.
* செமஸ்டர் நேரத்தில் ஓஎஸ் மாற்றாதீர்கள். லீவு வரட்டும்.

ஒரு லேப்டாப்பின் ஆயுளை அதன் நிலைமை முடிவு செய்யட்டும், கம்பெனி காலண்டர் அல்ல. அடுத்த லேப்டாப் வாங்கும்போது ரேம், விலையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்க: 'இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?'